தரிப்பிடத்தில் ஒரு பிறந்தநாள்

மகளுக்கு அப்போது நான்கு மாதம். பெப்ரவரிக் குளிர். நாங்கள் கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் பழைய அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். கணவர் ஒரு பண்டகசாலையில் லொறிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் வேலை செய்தார். நான் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள், பிள்ளைப்பேற்று விடுமுறையில் நின்றேன். கிழமை முழுவதும் ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன். சனிக்கிழமை வரும், இவர் வீட்டில் நிற்பார், நான் படுப்பேன். இவரும் அதே நாட்களை அதே நினைப்போடுதான் தள்ளினார் என்பது எனக்குக் கனநாள் விளங்கவில்லை. சனிக்கிழமை வரும், வேலை இல்லை, படுக்கலாம்.

அதனால் சனிக்கிழமை விடிந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் படுக்கக் காத்திருப்போம். பிள்ளை எழும்பிக் காலை உதைத்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் சண்டை பிடிப்பதில்லை. அளவுக்கு மிஞ்சி மரியாதையாக இருந்தோம். "நீர் படும், நான் பாக்கிறன்" என்பார் இவர். "இல்லை, நீங்கள் கிழமை முழுக்க வேலை செய்தனீங்கள், நீங்கள் படுங்கோ" என்பேன் நான். இரண்டு பேரும் மற்றவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே சொன்னோம். கடைசியில் இரண்டு பேருமே எழும்பி, குசினியில், அடுப்புக்கு முன்னால், ஒருவர் காலில் ஒருவர் மிதிபட்டுக்கொண்டு நிற்போம். உதவிக்கு வர யாரும் இல்லை. என் அம்மாவின் விசா இழுபட்டுக்கொண்டு இருந்தது. இவருக்குப் பெற்றோர் இல்லை.

இவருடைய உறவென்று ஸ்காபரோவில் இருந்தது அக்கா ஒருவர்தான். சொந்த அக்கா அல்ல, பெரியப்பாவின் மகள். ரூஜ் பக்கத்தில் புதிய வீடு. வங்கியில் நல்ல வேலை. உயர்பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, யாரும் எதிர்பாராமல் மூன்றாவதாக ஒரு மகன். எனக்கு அக்காவைக் கண்டால் பயம். எங்கள் வீட்டுக்கு வந்தால் கதைத்துக்கொண்டே சோபாவின் தலையணைகளை நிமிர்த்தி வைப்பார். பால் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார், கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு வீடு முன்பிருந்ததைவிட அழுக்காகத் தெரியும்.

அந்த மூன்றாவது மகனின் முதலாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அஜின்கோர்ட் பக்கத்தில் ஒரு ஹோலில், வாடகை மண்டபத்தில், வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையே அக்கா போன் எடுத்தார்.

"நாளைக்கு நேரத்துக்கு வந்திடோணும். பிள்ளைக்கு மெல்லிசாப் போடாதையும். உள்ளுக்க ஏசி மாதிரித்தான் குளிரும்."

"ஓமக்கா."

"தம்பியை ஷேவ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லும். போனமுறை வீடியோவில கள்ளன் மாதிரி நிண்டவன்."

"ஓமக்கா."

போனை வைத்ததும் இவரைப் பார்த்தேன். "போகாமல் விடேலாதோ?" என்று கேட்டேன். இவர் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். "அவ பிறகு ஒரு வருசத்துக்குக் கதைக்கமாட்டா" என்றார். அந்த ஒரு வருட அமைதி எங்கள் இருவர் முகத்திலும் ஒரு கணம் ஆசையாக வந்து போனது.

சனிக்கிழமை காலை உடுப்புத் தோய்ப்பதோடு தொடங்கியது. தோய்க்கும் மெஷின்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில். இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது, மற்றது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சுவிட்டது. இவர் கூடையோடு கீழே போய் வர, நான் பிள்ளைக்குப் பால் கொடுத்து, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றினேன். அதன் பிறகு என்னுடைய உடுப்பு. கலியாணத்துக்குப் பிறகு தைத்த சீலைச் சட்டை ஒன்றுகூடக் கையில் ஏறவில்லை. கடைசியில் ஒரு சுரிதாரைப் போட்டேன். முன்பக்கம் திறப்பு இல்லாத சுரிதார், பால் கொடுக்க முடியாது என்று இவர் நினைவுபடுத்தினார். கழற்றி வேறொன்று போட்டேன். இவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க, பிள்ளை முதுகு வரைக்கும் வெளிக்குப் போனாள். திரும்பவும் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி, தோளில் தூக்கி வாசலுக்குக் கொண்டுவர, இவரின் புதுச் சேட்டில் கொஞ்சம் பாலைக் கக்கினாள். இவர் ஈரத்துணியால் துடைத்தார். "ஜக்கெற்றைக் கழட்டாட்டித் தெரியாது" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அந்த மனிதர் முன்பெல்லாம் சேட்டில் ஒரு கோடு விழுந்தால் திரும்ப அயர்ன் பண்ணுகிறவர்.

காரில் ஏற்றியதும் பிள்ளை கத்தத் தொடங்கினாள். கென்னடி வீதி முழுக்கக் கத்தினாள். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது கூடக் கத்தினாள். நான் பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, சூப்பியை வாயில் வைத்தேன், துப்பினாள். பாடினேன், அதற்கும் கத்தினாள். ஹோல் இருந்த வீதிக்குத் திரும்பியபோது சத்தம் குறைந்தது. டயர்க் கடையைத் தாண்டி, ஹோலின் கார் தரிப்பிடத்துக்குள் நாங்கள் நுழைந்த அதே நேரம் அவளுடைய கண் மூடியது.

கண்ணாடியில் இவர் என்னைப் பார்த்தார். "நித்திரையாயிட்டாளோ?" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

நான் தலையை ஆட்டினேன்.

"நிப்பாட்டினா எழும்பிடுவாள்."

தரிப்பிடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். ஓரமெல்லாம் தள்ளிக் குவித்த பனி கறுத்துப்போய்க் கிடந்தது. வாசலில் ஜக்கெற் இல்லாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் நாங்கள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கை காட்டினார்கள். பிறகு காட்டுவதை விட்டுவிட்டார்கள். கடைசியில் இவர் ஒரு மூலையில் மெதுவாக நிறுத்தி, என்ஜினையும் ஹீட்டரையும் ஓடவிட்டார். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பின்கதவைத் திறந்து, முன்சீட்டுக்கு வந்து இருந்தேன். அவள் எழும்பவில்லை.

"அஞ்சு நிமிசம் பாப்பம்" என்றார் இவர்.

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பட்டுச் சீலைக்கு மேலே குளிர் ஜக்கெற்றும், காலில் பனிச் சப்பாத்தும், கையில் குதிச் செருப்புமாகப் பெண்கள் பனிச்சேற்றில் கால் பார்த்து நடந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் ஒரு குத்தாக வெளியே வந்து அடங்கியது. எனக்கு அந்தச் சத்தத்தை நினைக்கவே தலை இடித்தது.

"நீர் உள்ள போம். முகத்தைக் காட்டிட்டு வாரும். நான் பிள்ளையோட இருக்கிறன்" என்றார் இவர்.

"நான் தனியப் போனா, பிள்ளை எங்க, பிள்ளை எங்க எண்டு கேப்பினம். உங்கட அக்கா தானே, நீங்கள் போங்கோ. நான் இருக்கிறன்."

"எனக்குக் காரில இருக்கிறது பிரச்சினை இல்லை."

"எனக்கும் பிரச்சினை இல்லை."

இரண்டு பேரும் காரில் இருக்கத்தான் சண்டை பிடிக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்குக் கோபம் வந்தது.

"நீங்கள் வேலையில தேத்தண்ணி இருந்து குடிக்கிறனீங்களோ, நிண்டு குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

இவர் விளங்காமல் பார்த்தார். "இருந்துதான். ஏன்?"

"இந்த நாலு மாசமா நான் ஒரு தேத்தண்ணிகூட இருந்து குடிக்கேல்லை. சூடாவும் குடிக்கேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

சத்தம் போடாமல் சண்டை பிடிப்பது எவ்வளவு கடினம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் தெரியும். தொண்டைக்குள் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். கிழமை நாட்களில் கதைக்க ஒரு பெரிய மனுசர் இல்லாததை, பின்னேரம் அவர் வரும் லிஃப்ட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்பதை, அவர் வந்ததும் நேரே குளிக்கப் போய்க் கதவைச் சாத்துவதை. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் பிடியை விடவில்லை. சரி, கோபித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"போன கிழமை நான் வேலையில நித்திரை கொண்டிட்டன்" என்றார்.

"என்ன?"

"சாப்பிடுற இடத்தில. இருந்தபடியே. சுப்பவைசர் வந்து தோளில தட்டினவர். பெடியள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவங்கள்." ஸ்டியரிங்கை விரலால் தேய்த்தார். "குளிக்கப் போறதும் குளிக்கிறதுக்கு இல்லையப்பா. தண்ணியைத் திறந்துவிட்டுட்டு சும்மா நிப்பன்."

ஹீட்டர் கால்களுக்குச் சூட்டை ஊதிக்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளையின் மூச்சு ஒரே சீராகக் கேட்டது. இவர் கையை எடுத்து என் முழங்காலில் வைத்தார். அந்தக் கை எவ்வளவு பாரமாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். திடுக்கிட்டு எழும்பினேன். காரின் கண்ணாடிகள் எல்லாம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தன. இவர் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தார். நான் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் துடைத்தேன். வெளியே அக்கா நின்றார். ஜக்கெற் இல்லை. மாம்பழ நிறப் பட்டு, தலையில் பூ, கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார்.

இவரை உலுப்பினேன். "அக்கா! அக்கா!" என்றேன். இவர் கண்ணைத் திறந்ததும் பொலிஸைக் கண்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கதவுகளின் பூட்டைத் திறந்துவிட்டார். அக்கா முன்பக்கம் வரவில்லை. பின்கதவைத் திறந்து, சீலையைச் சுருட்டிப் பிடித்து, பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினார்.

"அக்கா, பிள்ளை நித்திரையாயிட்டாள், அதுதான்..." என்று இவர் தொடங்கினார்.

"உஷ். நான் கேட்டனானே?"

இவர் வாயை மூடிக்கொண்டார். அக்கா குனிந்து குதிச் செருப்பு இரண்டையும் கழற்றினார். கால்விரல்களை மடக்கி நீட்டினார். "ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டு" என்றார்.

நாங்கள் இருவரும் முன்னால் பார்த்தபடி ஏச்சுக்குக் காத்திருந்தோம். ஏச்சு வரவில்லை.

"உங்கட காரை யன்னலால கண்டனான். மெழுகுதிரி வெளியில நிப்பாட்டின எங்கட வானுக்க இருக்கு, எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தன்" என்றார் அக்கா. அவருடைய குரலே வேறாக இருந்தது. காற்றுப் போன குரல். "இவன் ராவு ராவாக் கத்தினவன். பல்லு வருது. விடிஞ்சது தொடக்கம் நான் ஒரு இடத்திலயும் இருக்கேல்லை. உள்ள போனா, என்ன மெலிஞ்சிட்டீர், டயற்றோ எண்டு கேக்கினம். மூண்டாவது தானே, உமக்கு இதெல்லாம் பழகியிருக்கும் எண்டு சொல்லீனம்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஒண்டும் பழகேல்லை" என்றார் அக்கா. "முதல் ரெண்டும் பிறக்கேக்க எனக்கு இருபத்தெட்டு, முப்பது. இப்ப இடுப்பு என்ர சொல்லுக் கேக்காது. தம்பி, அஞ்சு நிமிசம். அஞ்சு நிமிசத்தில என்னை எழுப்பிவிடு."

தலையைக் கண்ணாடியில் சாய்த்தார். நான் திரும்பிப் பார்த்தபோது நித்திரையாகிவிட்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலைப்பூ கண்ணாடியில் நசிந்துகொண்டிருந்தது. ஒரு கை பிள்ளையின் இருக்கை ஓரத்தில் கிடந்தது. அந்தக் கை நித்திரையிலும் இருக்கையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய மடியில் போன் நடுங்கத் தொடங்கியது. திரையில் அத்தானின், அக்காவின் கணவரின், படம். நின்றது. திரும்பவும் நடுங்கியது. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

"எழுப்பவோ?" என்றார் இவர்.

"பாவமப்பா."

"கேக் வெட்டோணுமே. உள்ள எல்லாரும் தேடுவினம்."

"நீங்கள் போய் அத்தானிட்டச் சொல்லுங்கோ."

அரைமணி நேரத்துக்கு முன் காரை விட்டு இறங்கமாட்டேன் என்று நின்ற மனிதர் உடனே இறங்கினார். கதவை முழுதாகச் சாத்தாமல், பூட்டுப் படும் அளவுக்கு மட்டும் சாய்த்துவிட்டுப் போனார். பால் கக்கிய சேட் ஜக்கெற்றுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஷேவும் எடுக்கவில்லை.

நான் தனியாக இருந்தேன். பின்னால் இரண்டு மூச்சு. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. என்னுடைய பால் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கை அது என்று நினைத்துக்கொண்டேன். அவர் அப்போது அழுக்கைத்தான் பார்த்தாரோ, அல்லது கைகள் பழக்கத்தில் தானாகவே செய்ததோ, தெரியவில்லை. அவர் வீட்டிலும் குசினித் தொட்டிக்குள் அதே மாதிரிப் போத்தல்கள் கிடந்திருக்கும். இந்த ஒரு வருடத்தில் நான் அவரிடம் ஒரு தடவைகூட, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். அதுதான் முறை என்று இருந்துவிட்டேன்.

இவர் திரும்பி வந்தபோது பின்னால் அத்தானும் வந்தார். அத்தானின் கையில் பிறந்தநாள்காரன், கோட்டுப் போட்டு, கழுத்தில் போ டை கட்டி, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தான். இவர் கையில் ஒரு கடதாசித் தட்டு நிறைய ரோல்ஸும் கட்லட்டும். நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

அத்தான் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். "நித்திரையோ?" என்றார், நம்பாதவர் போல. "இவ பகலில நித்திரை கொண்டு நான் காணேல்லை."

"எழுப்பிறதோ அத்தான்?" என்று இவர் கேட்டார்.

அத்தான் ஹோல் வாசலைப் பார்த்தார், கையில் கத்துகிறவனைப் பார்த்தார். "பாட்டைக் கொஞ்ச நேரம் கூடப் போடச் சொல்லுறன்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி முடிக்கவில்லை, மகனின் சத்தம் இறங்கியிருந்த கண்ணாடியால் உள்ளே வந்தது. என் மகள் ஒரு தரம் துள்ளினாள். கண்ணைத் திறக்காமலே அழத் தொடங்கினாள். அக்காவும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கைகள் எழும்பிவிட்டன. இருக்கைப் பட்டியைக் கழற்றி, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டத் தொடங்கின. "ஓமடா ராசா, ஓமடா, அம்மா இருக்கிறனடா" என்றார் மூடிய கண்ணோடு. மகள் அழுகையை நிறுத்தினாள். வெளியே நின்ற மகன் இன்னும் கூடக் கத்தினான். அக்கா கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு அப்பால் தன் மகனைப் பார்த்தார். தோளில் இருந்த பிள்ளையை விலக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இது ஆர்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்தார். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியவில்லை. நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. பார்த்தால் அக்காவின் கண்மையும் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் இரண்டு பேரும் பனியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், தட்டிலிருந்த ரோல்ஸைச் சாப்பிட்டார்கள்.

அக்கா பிள்ளையின் பால்துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். செருப்பைப் போட்டார். பழைய குரல் திரும்பி வந்தது. "தம்பி, அந்த வானுக்க மெழுகுதிரி கிடக்கு, எடுத்துக்கொண்டு வா. சேட்டைச் செருகு."

உள்ளே போனோம். நான் பயந்தபடியே சத்தம். மகள் பலூன்களைக் கண்டு மிரண்டு என் கழுத்துக்குள் முகத்தை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அன்ரி அவளை வாங்கினார், அவரிடமிருந்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். கேக் வெட்டும்போது அக்கா நேராக நின்று சிரித்தார். தலையில் ஒரு பக்கப் பூ நசிந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். நானும் இவரும் மூலையில் ஒரு மேசையில் ஆறிப்போன சோற்றை வைத்துச் சாப்பிட்டோம். கையில் பிள்ளை இல்லாமல், ஒரு வாய்க்குப் பிறகு இன்னொரு வாய் என்று ஒழுங்காகச் சாப்பிட்டோம். இரண்டாவது தரமும் போட்டுக்கொண்டு வந்தார் இவர்.

பலபேர் கைமாறியதன் பலன் ஞாயிற்றுக்கிழமை விடியத் தெரிந்தது. பிள்ளைக்கு மூக்கடைப்பு. பால் குடிக்க வாயை வைப்பாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டுக் கத்துவாள். வெளியே பனி கொட்டியது. இவர் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, ஆவிக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு நான் நின்றேன். படுக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. மத்தியானம் அக்காவின் போன் வந்தது. பிள்ளைக்கு மூக்கடைப்பு என்றேன்.

"தடிமனோ? இவனுக்கும்தான். மூக்குக்குள்ள உப்புத்தண்ணி விட்டனீரோ? தலையை உயர்த்தி வையும்."

"ஓமக்கா" என்றேன். பிறகு, போனை வைப்பதற்கு முன், "நீங்கள் எப்பிடியக்கா இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் பிள்ளை இருமுவது கேட்டது. "செத்துப்போனன்" என்றார். "சரி, வையும். இவன் எழும்பிட்டான்."

அதற்கடுத்த சனிக்கிழமைக்கும் ஒரு அழைப்பு இருந்தது. இவரோடு வேலை செய்யும் ஒருவரின் புதுவீடு. இவர் போன் எடுத்து வரவில்லை என்று சொன்னார். அவர்கள் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்வார் என நினைத்தேன். நாங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் அதுதான்.

"களைப்பா இருக்கு" என்றார் இவர். "எங்கள் ரெண்டு பேருக்கும்."